அரசிழந்த மொழியின் ஆட்சி: அரமேயத்தின் மூவாயிரம் ஆண்டுகள்

மேற்கு ஆசியாவின் தொன்மொழிகளுள் சுமேரியமும் அக்காடியமும் எழுத்து வழக்கிலிருந்தும் மறைந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில், மூவாயிரம் ஆண்டுகளாக எழுத்திலும் பேச்சிலும் அறுபடாமல் தொடர்ந்து வந்திருக்கும் மொழி அரமேயம். எபிரேயம், பினீசியம் ஆகியவற்றோடு செமித்திய மொழிக்குடும்பத்தின் வடமேற்குக் கிளையைச் சேர்ந்த இம்மொழி, ஒரு காலத்தில் எகிப்தின் தென் எல்லையிலிருந்து இன்றைய ஆப்கானிஸ்தான் வரை ஆட்சி அலுவல்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் பொதுமொழியாக விளங்கியது. ஆனால் அந்தப் பரப்பை அதற்கு ஈட்டித் தந்தவர்கள் அரமேயர் அல்லர். அவர்களை வென்று அவர்களுடைய நாடுகளை அழித்த அசீரியரும், பின்வந்த பாபிலோனியரும் பாரசீகருமே. வென்றவர்களின் மொழி தோற்றவர்கள் மேல் ஏறுவதே பெரும்பாலும் உலக வழக்கமாயிருக்க, தோற்றவர்களின் மொழி வென்றவர்களின் அலுவலகத்துக்குள் புகுந்து நிலைபெற்றது எவ்வாறு என்பதும், அலுவலகத்தின் ஆதரவு போன பின்னும் அது எவற்றைப் பற்றிக்கொண்டு நீடித்தது என்பதும் அரமேயத்தின் வரலாறு எழுப்பும் இரு பெரும் வினாக்கள்.

தோற்றவர்களின் மொழி

அரமேயரைப் பற்றிய ஐயமற்ற தொடக்கச் சான்றுகள் அசீரிய அரசன் முதலாம் திக்லத்-பிலேசரின் (கி.மு. 1114–1076) பொறிப்புகளில் கிடைக்கின்றன. அவர்களைத் துரத்திக்கொண்டு யூப்ரடீஸ் ஆற்றை 28 முறை கடந்ததாக அவன் பெருமை பேசுவதிலிருந்தே, ஓரிடத்தில் நிலைகொள்ளாத அக்குடிகளை அடக்குவது எவ்வளவு அரிதாக இருந்தது என்பது விளங்கும். அடுத்து வந்த நூற்றாண்டுகளில் அக்குடிகள் சிரியாவிலும் மேல் மெசொப்பொத்தேமியாவிலும் தமஸ்கு, ஹமாத், குசானா முதலிய சிற்றரசுகளை நிறுவியதோடு, கடற்கரை வணிகர்களான பினீசியரிடமிருந்து 22 மெய்யெழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கையும் ஏற்றுக்கொண்டன.

இந்தச் சிற்றரசுகளின் நிலையை உணர்த்தும் சான்றுகளுள் சிறந்தது 1979இல் சிரியாவின் டெல் ஃபெகெரியே மேட்டில் கிடைத்த, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கற்சிலை. குசானாவை ஆண்ட ஒருவனுடைய அச்சிலையில் முன்புறம் அக்காடியத்தின் அசீரிய வழக்கிலும் பின்புறம் அரமேயத்திலும் ஏறத்தாழ ஒரே செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அசீரிய வாசகம் அவனைப் பேரரசுக்கு அடங்கிய ஆளுநன் என்று குறிக்க, அவனுடைய குடிகள் படிக்கும் அரமேய வாசகமோ அவனை அரசன் என்றே அழைக்கிறது. மேலாதிக்கத்துக்கு ஒரு முகமும் உள்ளூருக்கு ஒரு முகமும் காட்டிய இந்த இருமொழி வாழ்க்கையே பிற்கால அரமேய எழுத்தர்களின் தொழிலுக்கும் அடிப்படையாயிற்று.

கி.மு. 732இல் மூன்றாம் திக்லத்-பிலேசர் தமஸ்குவைக் கைப்பற்றியதோடு அரமேயரின் அரசியல் வலிமை ஒடுங்கியது. வென்ற நாடுகளின் மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்துப் பேரரசின் பிற பகுதிகளில் குடியேற்றுவது அசீரியரின் நடைமுறையாக இருந்தமையால், கிளர்ச்சியை முளையிலேயே கிள்ளுவதற்காகச் செய்யப்பட்ட அதே ஏற்பாடு அரமேயம் பேசுவோரைப் படையிலும் பட்டறையிலும் வயலிலும் நகரிலும் பரப்பிவிட்டது. அசீரிய அரண்மனைச் சுவர்ப் புடைப்புச் சிற்பங்களில், கொள்ளைப் பொருளைக் கணக்கெடுக்கும் இரண்டு எழுத்தர்கள் அருகருகே நிற்பதைக் காணலாம். ஒருவர் கையில் ஆப்பெழுத்தை, அதாவது ஈரக் களிமண்ணிலோ மெழுகிலோ ஆப்பு வடிவக் கீறல்களாகப் பதிக்கும் எழுத்தைப் பொறிப்பதற்கான பலகையும் முனைக்கோலும் இருக்க, மற்றவர் கையில் தோற்சுருளும் தூவலும் இருக்கின்றன. இவ்விரண்டாமவர் அரமேயத்தில் எழுதுபவர் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.

நூற்றுக்கணக்கான குறிகளைக் கற்றுத் தேர்ந்தால்தான் கைவரும் ஆப்பெழுத்தோடு ஒப்பிட, 22 எழுத்துகளைச் சில திங்களில் பயின்று, மையால் தோலிலும் நாணற்புல் தாளாகிய பாப்பிரஸிலும் விரைந்து எழுதிச் சுருட்டிக் குதிரையில் அனுப்புவது எளிதாயிருந்தது. எனினும் அரசர்கள் இம்மாற்றத்தை மனமுவந்து ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. அரமேயத்தில் மடல் எழுத இசைவு கேட்ட ஊர் என்னும் நகரத்து அலுவலர் ஒருவருக்கு, அக்காடியத்திலேயே எழுதுமாறு இரண்டாம் சர்கோன் (கி.மு. 721–705) கண்டிப்புடன் மறுமொழி விடுத்த மடல் கிடைத்திருக்கிறது. அவ்வாறு இசைவு கேட்கும் அளவுக்கு அரமேயம் அலுவலர்களின் கைக்கு இயல்பாகிவிட்டிருந்தது என்பதே அம்மடல் தரும் மெய்யான செய்தி. கி.மு. 701இல் அசீரியப் படை எருசலேமை நெருங்கியபோது, மதில்மேல் நிற்கும் மக்களுக்கு விளங்காதவாறு அரமேயத்தில் பேசும்படி யூதேய அரசன் எசேக்கியாவின் அலுவலர்கள் அசீரியத் தூதனைக் கேட்டுக்கொண்டதாக விவிலியத்தின் அரசர்கள் நூல் கூறுவதும், அக்காலத்தில் அது உயர் அலுவலர்களுக்கிடையே வழங்கிய தூதுமொழி என்பதை உறுதிப்படுத்துகிறது.

பாரசீகப் பேரரசின் எழுதுகோல்

கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றிய பாரசீகர், அங்கே தழைத்திருந்த அரமேய எழுத்தர் கூட்டத்தையும் கூடவே பெற்றனர். எண்ணற்ற மொழிகள் வழங்கிய பேரரசின் மாகாணங்களுக்கிடையே ஆணைகளும் கணக்குகளும் இந்த ஒரே மொழியில் சென்றன. பாரசீகத்தில் சொல்லப்பட்டதை அரமேயத்தில் எழுதுவதும், போய்ச் சேர்ந்த இடத்தில் அதை உள்ளூர் மொழியில் படித்துச் சொல்வதும் எழுத்தரின் வேலையாயிற்று. இவ்வாறு நெடுந்தொலைவுக்கு ஒரே சீராக வழங்கிய வடிவத்தையே பிற்கால ஆய்வாளர்கள் பேரரசு அரமேயம் என்று அழைக்கின்றனர்.

மெசொப்பொத்தேமியாவின் ஈரத்தில் தோலும் பாப்பிரஸும் மக்கிப்போக, அவற்றைக் காத்துத் தந்தது எகிப்தின் வறண்ட மணல். நைல் ஆற்றில் அஸ்வானுக்கு எதிரே உள்ள எலிபெண்டைன் என்னும் தீவில் பாரசீகரின் தென் எல்லையைக் காத்து நின்ற யூதப் படைக்குடியிருப்பின் ஆவணங்கள், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் அன்றாட வாழ்க்கையை வியப்பூட்டும் நுணுக்கத்தோடு காட்டுகின்றன. கோயில் ஊழியன் அனனியா என்பவன் தமுத் என்ற எகிப்திய அடிமைப் பெண்ணை மணந்த கி.மு. 449ஆம் ஆண்டு ஒப்பந்தமும், அவன் வீடு வாங்கிய பத்திரமும், பின்னர் அவளுடைய உரிமையாளர் அவளுக்கு விடுதலை அளித்த ஆவணமும் ஒரே குடும்பத்தின் கட்டாகக் கிடைத்து, இன்று நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ளன. அத்தீவில் யூதர்கள் எழுப்பியிருந்த கோயிலை, குனும் என்ற எகிப்தியக் கடவுளின் பூசகர்களுடைய தூண்டுதலால் உள்ளூர் அதிகாரி கி.மு. 410இல் இடித்துவிட, மூன்றாண்டுகள் கழித்து அதை மீண்டும் கட்ட உதவுமாறு யூதேயாவின் ஆளுநர் பகோகிக்கு அவர்கள் எழுதிய விண்ணப்பத்தின் படிகள் இரண்டு எஞ்சியுள்ளன. எகிப்தில் வாழ்ந்த யூதர்கள், பாரசீகப் பெயர் தாங்கிய ஆளுநருக்கு, அரமேயரின் மொழியில் முறையிட்ட அந்த ஆவணத்தில் பேரரசு அரமேயத்தின் பயன்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

பேரரசின் மறுகோடியில், இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியாகிய பாக்திரியாவில், கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஆளுநர் அலுவலகம் தோலில் எழுதிய அரமேய மடல்கள் கிடைத்துள்ளன. அலெக்சாந்தரின் படையெடுப்பால் பாரசீக ஆட்சி வீழ்ந்த பின்னும் அப்பகுதியில் அரமேய எழுத்தர்கள் மறைந்துவிடவில்லை என்பதற்கு, 1958இல் காந்தகாரில் கண்டறியப்பட்ட அசோகரின் பாறைக் கல்வெட்டு சான்று. கிரேக்கத்தை மேலும் அரமேயத்தைக் கீழுமாகக் கொண்டு, உயிர்க்கொலையைத் தவிர்க்கும் அறத்தை எடுத்துரைக்கும் அக்கல்வெட்டு கி.மு. 260ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்டது. தட்சசீலத்திலும் அசோகர் காலத்து அரமேயக் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. வடமேற்கு இந்தியாவில் வலமிருந்து இடமாக எழுதப்பட்ட கரோஷ்டி எழுத்து அரமேய எழுத்திலிருந்து உருவானது என்பதை அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கின்றனர். பிராமி எழுத்துக்கும் செமித்திய மூலம் உண்டா என்பதோ இன்னும் முடிவு காணப்படாத விவாதமாகவே தொடர்கிறது.

மொழி விலக எழுத்து நின்றது

பேரரசு என்ற கட்டு அவிழ்ந்தபின் எழுத்தர்களின் ஒரே சீரான நடையும் அவிழ்ந்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் அரமேயம் தனித்தனி வடிவம் கொண்டது. ஈரானில் நிகழ்ந்த மாற்றம் இவற்றுள் மிகவும் விந்தையானது. அங்கே எழுத்தர்கள் அரமேயச் சொற்களை எழுதி, படிக்கும்போது அவற்றுக்கு நிகரான ஈரானியச் சொற்களை ஒலிக்கும் வழக்கத்துக்குப் பழகிவிட்டமையால், பிற்காலத்துப் பகலவி எழுத்துமுறையில், அரசனைக் குறிக்க ‘மல்கா’ என்று எழுதி ‘ஷா’ என்று படிப்பதுபோல, நூற்றுக்கணக்கான அரமேயச் சொற்கள் கண்ணுக்கு மட்டும் உரிய குறியீடுகளாக உறைந்து நின்றன. பேசப்படாத மொழி ஒன்று இன்னொரு மொழியின் எழுத்துக்கூட்டாக மாறி சாசானியர் ஆட்சியைக் கடந்தும் வழங்கியது.

பிற திசைகளில் எழுத்து மட்டும் கைமாறியது. பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின் யூதர்கள் தங்கள் பழைய எழுத்தைப் படிப்படியாக விட்டு அரமேய எழுத்தை ஏற்றமையால், இன்று எபிரேயத்துக்கு உரியதாகக் கருதப்படும் சதுர எழுத்து அரமேயத்தின் வழிவந்ததாகும். பேத்ரா நகரைத் தலைமையாகக் கொண்ட நபத்தேயர் அரபு மொழிச் சூழலில் வாழ்ந்தபோதிலும் அரமேயத்திலேயே எழுதினர். அவர்களுடைய கூட்டெழுத்து வளர்ந்து அரபு எழுத்தாயிற்று. கி.பி. 328ஆம் ஆண்டைச் சேர்ந்த நமாரா கல்வெட்டு அரபு மொழியை நபத்தேய எழுத்தில் தாங்கி, இம்மாற்றத்தின் நடுக்கட்டத்தைக் காட்டுகிறது. அரபு எழுத்தைத் தங்கள் மொழிக்கு ஏற்ற கூடுதல் குறிகளோடு அமைத்துக்கொண்டு காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய இடங்களின் முஸ்லிம்கள் எழுதிய அரபுத்தமிழ் நூல்களும் இந்த நெடுங்கிளையின் ஒரு நுனியே ஆகும்.

மறையின் மொழி

அலுவலகம் கைவிட்ட மொழியைக் கோயிலும் பள்ளியும் கைக்கொண்டன. விவிலியத்தின் தானியேல், எஸ்றா நூல்களின் கணிசமான பகுதிகள் அரமேயத்தில் அமைந்துள்ளன. எபிரேயத் திருநூல் பொதுமக்களுக்கு விளங்குவதற்காக எழுந்த தர்கூம் எனப்படும் அரமேய மொழிபெயர்ப்புகளும், யூத சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பாகிய தல்மூதின் பெரும்பகுதியும் அம்மொழியின. இறந்தோருக்காக யூதர்கள் சொல்லும் கத்தீஷ் வேண்டுதலும், வழிவழி வரும் திருமண ஒப்பந்தப் பத்திரமும் இன்றும் அரமேயத்திலேயே உள்ளன. கலிலேயாவில் வாழ்ந்த இயேசுவின் அன்றாடப் பேச்சும் அரமேயமே என்பது அறிஞர்களின் பொதுக்கருத்து. கிரேக்கத்தில் எழுதப்பட்ட மாற்கு நற்செய்தி அவருடைய சில தொடர்களை அரமேய ஒலியோடே பதிந்து, பொருளையும் உடன் தருகிறது.

அரமேயத்தின் பிற்கால வடிவங்களுள் இலக்கிய வளத்தில் தலைசிறந்தது, இன்றைய துருக்கியில் உர்ஃபா என வழங்கும் எதெஸ்ஸா நகரத்தின் வட்டார வழக்கிலிருந்து வளர்ந்த சுரியானி. பெஷித்தா எனப்படும் விவிலிய மொழிபெயர்ப்பாலும், கி.பி. 373இல் மறைந்த எப்ரேம் இயற்றிய பாடல்களாலும் அது கீழைத் திருச்சபைகளின் மறைமொழியாயிற்று. கிறிஸ்துவின் இயல்பு பற்றி 431இல் எபேசுவிலும் 451இல் கால்கெதோனிலும் கூடிய பொதுச்சங்கங்களில் எழுந்த பிளவுகளால் சுரியானிக் கிறிஸ்தவம் கிழக்கு, மேற்கு என இரு மரபுகளாகப் பிரிய, ஒரே மொழிக்கு இரண்டு ஒலிப்புமுறைகளும் இரண்டு எழுத்து வடிவங்களும் உண்டாயின.

கிரேக்க அறிவு அரபு உலகை அடைந்ததில் சுரியானி அறிஞர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 536இல் இறந்த ரேஷ்ஐனா ஊர் செர்கியுஸ், கிரேக்க மருத்துவன் கேலனின் நூல்களைச் சுரியானியில் பெயர்த்த முன்னோடி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் பணிபுரிந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கேலனின் நூல்களுள் பெருந்தொகையானவற்றைச் சுரியானியிலும் அரபிலும் பெயர்த்ததோடு, எந்தெந்த நூல் யாரால் யாருக்காக மொழிபெயர்க்கப்பட்டது என்பதையும் ஒரு மடலில் நிரல்படுத்தி வைத்தார். யூப்ரடீஸ் கரையில் இருந்த கென்னெஷ்ரே மடத்தோடு தொடர்புடைய செவேருஸ் செபோக்த், 662இல் எழுதிய ஒரு குறிப்பில், கிரேக்கர் மட்டுமே அறிவுடையோர் என்ற செருக்கை மறுப்பதற்கு, ஒன்பது குறிகளைக் கொண்டு கணக்கிடும் இந்தியரின் முறையை எடுத்துக்காட்டினார். இந்திய எண்முறை இந்தியாவுக்கு வெளியே குறிப்பிடப்படும் மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று.

கீழ்த்திசை வழிகள்

கீழைத் திருச்சபையின் குருக்களும் வணிகர்களும் சுரியானியைப் பட்டுச்சாலை வழியே கொண்டு சென்றனர். சீனாவின் சியான் நகரில் 781இல் நிறுவப்பட்ட கல், சீன வாசகத்தோடு சுரியானிப் பெயர்களையும் தாங்கி நிற்கிறது. மத்திய ஆசிய வணிகர்களாகிய சோக்தியரின் எழுத்து அரமேயத்திலிருந்து பிறக்க, அதிலிருந்து உய்கூர் எழுத்தும், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கிஸ்கான் காலத்தில் அதிலிருந்து மங்கோலிய எழுத்தும், 1599இல் அதிலிருந்து மஞ்சு எழுத்தும் உருவாயின. ஆகவே சீனத்தை ஆண்ட கடைசி அரசமரபினரின் தாய்மொழி எழுத்தும் அரமேய நெடுங்கணக்கின் கொடிவழியில் வந்ததே.

கடல் வழியில் அது மலபாரை அடைந்தது. வேணாட்டு ஆட்சியாளர் அய்யன் அடிகள், மறுவான் சபிர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளிக்குச் சேர மன்னன் தாணு ரவியின் காலத்தில் நிலமும் உரிமைகளும் வழங்கிய, 849ஆம் ஆண்டுக்குரியதாகக் கொள்ளப்படும் கொல்லம் செப்பேடு இவ்வகையில் தனிச்சிறப்புடையது. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட கொடையின் இறுதியில் மேற்கு ஆசியச் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். முஸ்லிம்கள் அரபுக் கூபி எழுத்திலும், பாரசீகத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்களும் சரத்துஸ்திரரும் பகலவி எழுத்திலும், யூதர்கள் எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீக மொழியிலும் தத்தம் பெயரைப் பதித்திருக்கின்றனர். சமயத்தால் வேறுபட்ட அவர்கள் கையாண்ட மூன்று எழுத்துகளும் அரமேயத்தின் வழித்தோன்றல்களே. சென்னைப் பரங்கிமலையில் 1547இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த கற்சிலுவையைச் சுற்றி ஓடும் வாசகமும் பகலவியிலேயே அமைந்துள்ளது.

கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் சுரியானியைத் தங்கள் வழிபாட்டு மொழியாகக் கொண்டிருந்தனர். 1599இல் போர்த்துகீசியப் பேராயர் மெனசிஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம், தம் கொள்கைக்கு மாறாகக் கருதிய சுரியானி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டமையால் ஏடுகள் பல அழிந்தன. ஆயினும் மொழி வழிபாட்டிலிருந்து அகலவில்லை. மலையாளத்தைச் சுரியானி எழுத்தில் எழுதும் கர்சோனி என்ற வழக்கமும் அச்சமூகத்தில் நிலவியது. 1962இல் சீரோ மலபார் சபையின் திருப்பலி மலையாளத்துக்கு மாறியபின் சுரியானியின் இடம் சுருங்கினாலும், குர்பானா என்று அத்திருப்பலியை வழங்கும் சொல்லே சுரியானியிலிருந்து வந்ததுதான். கோட்டயத்தில் 1985இல் நிறுவப்பட்ட எப்ரேம் ஆய்வு நிறுவனம் அம்மொழியைக் கற்பித்து வருகிறது.

ஊர்களின் மொழி

ஏழாம் நூற்றாண்டில் அரபுகளின் ஆட்சி பரவியபின் அரமேயம் உடனே மறைந்துவிட்டதாக நினைப்பது பிழை. நகரங்களிலும் சமவெளிகளிலும் அரபு சில நூற்றாண்டுகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டபோதிலும், மலைப்பகுதிகளின் கிறிஸ்தவ, யூதச் சிற்றூர்களில் அது வீட்டுமொழியாகவே நீடித்தது. துருக்கியின் தென்கிழக்கில் உள்ள தூர் அப்தீன் பீடபூமி, ஹக்காரி மலைகள், ஈரானின் உர்மியா ஏரிக்கரை, ஈராக்கின் நினிவே சமவெளி ஆகியவை கிழக்குக் கிளையின் பேச்சு வழக்குகளுக்கும், தமஸ்குவுக்கு வடக்கே உள்ள மாலூலா, ஜுப்பதீன், பக்ஆ ஆகிய மூன்று ஊர்கள் மேற்குக் கிளையில் எஞ்சிய ஒரே வழக்குக்கும் இருப்பிடங்களாக இருந்தன. இம்மூன்று ஊர்களில் மாலூலாவில் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும், மற்ற இரண்டில் முஸ்லிம்களும் அம்மொழியைப் பேசிவந்தனர் என்பதால், சமயம் மாறினால் மொழியும் மாறியே தீரும் என்ற பொதுவிதி இங்கே பொருந்தவில்லை. தென் ஈராக்கிலும் ஈரானின் கூசெஸ்தானிலும் வாழும் மந்தேயரின் மறைநூல்கள் அரமேயத்தின் இன்னொரு வடிவமாகிய மந்தேயத்தில் உள்ளன.

பேச்சு வழக்கு புதிய எழுத்திலக்கியமாகவும் வளரத் தொடங்கியிருந்தது. உர்மியாவில் அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1840இல் அச்சகம் நிறுவ, 1849 முதல் அங்கே மக்களின் அன்றாட அரமேயத்தில் இதழ் ஒன்றும் வெளிவந்தது. அந்த வளர்ச்சியை முறித்தது முதல் உலகப்போர். 1915ஐ ஒட்டி உதுமானியப் பேரரசில் நிகழ்ந்த படுகொலைகளில், அம்மக்கள் ‘வாள்’ என்னும் பொருளில் சைஃபோ என்று நினைவுகூரும் அழிவில், ஹக்காரியின் கிறிஸ்தவக் குடியிருப்புகள் முற்றாக வெறுமையாயின. 1950–51இல் குர்திஸ்தான் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தபின், அவர்களுடைய பிள்ளைகள் எபிரேயத்துக்கு மாறினர். சிரிய உள்நாட்டுப் போரில் 2013இல் மாலூலா தாக்கப்பட்டு, மறு ஆண்டு மீட்கப்படும்வரை மக்கள் வெளியேறியிருந்தனர். 2014இல் இசுலாமிய அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட அமைப்பின் முன்னேற்றத்தால் நினிவே சமவெளியின் கராகோஷ் முதலிய ஊர்கள் ஓரிரவில் காலியாயின.

அரமேயத்தின் மூன்று உடைமைகளும் மூன்று வேறு கதிகளை அடைந்திருக்கின்றன. எழுத்து, மொழியைத் துறந்து தனியே பயணம் செய்யக் கூடியது என்பதால், அரபு, எபிரேயம், பாரசீகம், உருது, மங்கோலியம் எனப் பல மொழிகளில் இன்று கோடிக்கணக்கானோர் கையில் வழங்குகிறது. வழிபாட்டு மொழிக்கு ஒரு சபையும் அதைக் கற்பிக்கும் பள்ளியும் போதும் என்பதால், சுரியானியும் யூத அரமேயமும் பேசுவோர் இல்லாத நாடுகளிலும் நிலைத்துள்ளன. பேச்சுமொழி மட்டும் இடம்பெயரும்போது தளர்கிறது. ஈராக்கின் 2005ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், சுரியானி மொழியினர் செறிந்து வாழும் நிர்வாகப் பகுதிகளில் அதை ஆட்சிமொழியாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அதைப் பயன்படுத்தவேண்டிய மக்கள் பலர் ஸ்வீடனின் சோடர்தெலியே, அமெரிக்காவின் டெட்ராய்ட், சிகாகோ போன்ற நகரங்களில் குடியேறிவிட்டனர். அரபின் ஆயிரத்து முந்நூறு ஆண்டு மேலாண்மையைத் தாங்கிய பேச்சு வழக்குகள் ஒரு நூற்றாண்டில் இந்த அளவுக்குச் சுருங்கியதற்குக் காரணம், இன்னொரு மொழியின் வலிமை என்பதைவிட அவை பேசப்பட்ட ஊர்களே கலைக்கப்பட்டமைதான். அசீரியர் காலத்துப் பெயர்ப்பு அரமேயத்தைப் பரப்பியது, அன்று பெயர்க்கப்பட்டவர்கள் சென்ற இடங்களில் அதுவே பொதுமொழியாக வளர இடம் இருந்தமையால். இருபதாம் நூற்றாண்டுப் பெயர்ப்பு அதைக் கரைக்கிறது, சேர்ந்த இடங்களில் ஏற்கெனவே அரசும் பள்ளியும் சந்தையும் வேறு மொழிகளின் கையில் இருப்பதால்.